நாலு அங்குல மழைமானி: கொலராடோ சமவெளியில் 40 டாலருக்கு இது தேறுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்குங்கள். டென்வருக்கு வடக்கே ஃபோர்ட் காலின்ஸ், கிரீலி, வடகிழக்கே ஸ்டெர்லிங் வரை எங்கே வீடு இருந்தாலும் சரி, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் திறந்த இடம் இருந்தால் போதும், வைஃபையில் ஓடுகிற விலை உயர்ந்த வானிலைக் கருவிகளை எல்லாம் பார்ப்பதற்கு முன்னால் இந்த நாலு அங்குல மழைமானியை வாங்கிக் கம்பத்தில் மாட்டுங்கள். விலை சுமார் 40 டாலர். இதை ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் செய்கின்றன, அளவும் அமைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் இன்ன கம்பெனி என்று நான் சிபாரிசு செய்யப்போவதில்லை. வன்பொருள் கடையில் 5 டாலருக்குத் தொங்கும் ஒல்லிக் குழாயை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது தோட்டத்துக்கு அலங்காரம், அவ்வளவுதான்.

அமைப்பு ரொம்ப எளிது. வெளியே நாலு அங்குலக் குறுக்களவில் தெளிவான பிளாஸ்டிக் உருளை, மேலே ஒரு புனல், புனலுக்கு அடியில் ஒன்றேகால் அங்குலக் குறுக்களவில் ஒரு அளவைக் குழாய். குழாயின் வாய்ப்பரப்பு வெளி உருளையின் வாய்ப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. அதனால் ஒரு அங்குல மழை பெய்தால் குழாய்க்குள் பத்து அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும், கோடுகள் தாராளமாக இடைவெளி விட்டு இருக்கும், அங்குலத்தில் நூறில் ஒரு பங்கை, அதாவது கால் மில்லிமீட்டர் தூறலைக்கூட சிரமப்படாமல் படிக்கலாம். ஒரு அங்குலத்தைத் தாண்டினால் குழாய் நிரம்பி வெளி உருளையில் வழியும், அங்கே இன்னும் பத்து அங்குலம் பிடிக்கும். குழாயில் இருப்பதைக் குறித்துக்கொண்டு கொட்டிவிட்டு, உருளையில் தேங்கியதைப் புனல் வழியாகக் குழாயில் ஊற்றி ஊற்றி அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும். மொத்தக் கொள்ளளவு 11 அங்குலம், நம் செய்தித்தாள் கணக்கில் 28 செ.மீ. பேட்டரி, ஆப், பாஸ்வேர்டு என்று எதுவும் கிடையாது.

இது தனிக்கருவியாக மட்டும் வருவதில்லை, கூடவே ஒரு சேவையும் இருக்கிறது, அதற்காகவே வாங்கலாம் என்பேன். கோகோராஸ் என்று ஒரு தன்னார்வ வலையமைப்பு. தினமும் காலை 7 மணி வாக்கில் அளவைப் பார்த்து அவர்கள் தளத்தில் பதிய வேண்டும், உங்கள் வீட்டுப் புள்ளி வரைபடத்தில் தெரியும். மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று பதியச் சொல்வார்கள். முதலில் கேட்கும்போது வேடிக்கையாக இருக்கும், ஆனால் பதியாத நாளையும் மழை பெய்யாத நாளையும் பார்ப்பவர் எப்படிப் பிரித்தறிவார்? திடீரென்று கொட்டும்போது 7 மணிவரை காத்திருக்க வேண்டியதில்லை, அப்போதே கனமழை அறிக்கை என்று தனியாக அனுப்பலாம், அது நேராக அந்தப் பகுதி தேசிய வானிலைச் சேவை அலுவலகத்துக்குப் போகிறது. வெள்ள எச்சரிக்கை விடுபவர் மேஜையில் உங்கள் கொல்லைப்புறத்து எண் போய் நிற்கிறது என்றால் சும்மாவா!

இந்த வலையமைப்பு ஏன் ஃபோர்ட் காலின்ஸில் பிறந்தது என்ற கதை தெரிந்தால்தான் கருவியின் அருமை புரியும். 1997 ஜூலை 28 சாயங்காலம் ஊரின் மேற்குப் பக்கம் ஒரே மழை. முந்தின நாள் சாயங்காலம் தொடங்கி 31 மணி நேரத்தில் மிக மோசமான இடத்தில் 14 அங்குலத்துக்கு மேல், அதில் பெரும்பகுதி அந்த ஒரே சாயங்காலத்தில். இந்த ஊருக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைப்பதே 15, 16 அங்குலம்தான். அதே நேரம் ஊரின் கிழக்குப் பக்கம் பெய்தது இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. சில மைல் தூரத்துக்குள் இந்த வித்தியாசம். ஸ்பிரிங் கிரீக் என்று ஊருக்குள் ஓடும் ஒரு சின்ன ஓடை, சாதாரண நாளில் சைக்கிளில் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு ரயில்பாதை மேட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, அதைத் தாண்டி டிரெய்லர் வீடுகள் இருந்த இடத்துக்குள் பாய்ந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் லட்சக்கணக்கான நூல்கள் நனைந்தன.

மறுநாள் வந்த கேள்வி, எங்கே எவ்வளவு பெய்தது? அதிகாரபூர்வ மழைமானிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன, ரேடார் கணக்கோ உண்மையில் பெய்ததைவிட மிகக் குறைவு. பல்கலைக்கழகத்தின் காலநிலை மையத்தில் இருந்த நோலன் டோஸ்கனும் அவர் கூட இருந்தவர்களும் பொதுமக்களிடம் கேட்டுக் கேட்டு நூற்றுக்கணக்கான இடங்களின் அளவுகளைச் சேர்த்தார்கள், அப்புறம்தான் மழையின் வரைபடமே உருவானது. அடுத்த வருஷம், 1998இல், கோகோராஸ் தொடங்கியது. இன்றைக்கு அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும், கனடாவிலும் இருக்கிறது.

மழை ஏன் இங்கே இப்படித் துண்டு துண்டாகப் பெய்கிறது, அது ஆற்றுக்குள் ஏன் அவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் குழாயில் தெரியும் எண்ணுக்கு அர்த்தம் அங்கேதான் இருக்கிறது. ஹை பிளெய்ன்ஸ் என்கிற இந்த மேட்டுச் சமவெளி பார்வைக்குத்தான் தட்டை. கான்சஸின் கிழக்கு ஓரத்தில் ஆயிரம் அடிக்கும் குறைவாக இருக்கும் தரை, மேற்கே போகப் போகக் கண்ணுக்கே தெரியாமல் ஏறி, ராக்கி மலை அடிவாரத்தில் 5,000 அடியைத் தொடுகிறது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக் காற்றைக் கிழக்குக் காற்று இந்தச் சரிவில் மேலே தள்ளும்போது அது ஏறிக் குளிர்ந்து இடிமேகமாகிறது. பெரும்பாலான நாளில் உயரத்துக் காற்று அந்த மேகத்தைக் கிழக்கே ஓட்டிக்கொண்டு போய்விடும், உங்களுக்கு அரைமணி மழை, அப்புறம் வானவில். உயரத்தில் காற்று மந்தமாக இருக்கிற நாள்தான் வம்பு. மேகம் நின்ற இடத்திலேயே நிற்கும், அல்லது ஒன்று போனதும் அதே தடத்தில் அடுத்தது வரும். கீழிருந்து ஈரக் காற்று வந்துகொண்டே இருப்பதால் கொட்டுவதும் நிற்காது. 1976இல் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் 140 பேருக்கு மேல் இறந்ததும், ஃபோர்ட் காலின்ஸின் 1997 வெள்ளமும், டென்வருக்கு வடமேற்கே போல்டர் பக்கம் 2013இல் வந்த வெள்ளமும் இந்த வகைதான்.

தரைக்கு வந்த தண்ணீர் என்ன ஆகிறது? ஒரு சதுர மைல் நிலத்தில் ஒரு அங்குல மழை என்றால் ஏறக்குறைய ஆறரைக் கோடி லிட்டர். மண் அதைக் குடிக்க நேரம் வேண்டும். இங்கே பல இடங்களில் களிமண், மாதக்கணக்கில் வெயிலில் சட்டி ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும், புல்லும் குட்டைப் புல், அங்கங்கே வெறும் தரை. பெருந்துளி மழை அடிக்கிற அடியில் மேல்மண் இன்னும் இறுகி மூடிக்கொள்கிறது. ஒரு மணிநேரத்துக்கு அரை அங்குலம் குடிக்கிற மண்ணில் மூன்று அங்குலம் விழுந்தால் மிச்சம் இரண்டரையும் ஓடத்தான் வேண்டும். எங்கே ஓடும்? வருஷத்தில் பாதிநாள் மணல் மட்டும் தெரியும் வறண்ட ஓடைக்கு. அந்த ஓடையிலே சாலை போட்டவர்கள் ஒரு சின்னக் குழாய்ப்பாலம் வைத்திருப்பார்கள், ஆலங்கட்டியும் காட்டன்வுட் கிளைகளும் வந்து அதன் வாயை அடைத்துவிட்டால் பாலமே அணையாகிவிடும். அது உடையும்போது கீழே இருப்பவர்களுக்கு வருவது ஓடை வெள்ளம் இல்லை, அணை உடைந்த வெள்ளம்.

இதே சமவெளியில் நெப்ராஸ்கா மணற்குன்றுப் பகுதி மட்டும் விதிவிலக்கு. அங்கே எவ்வளவு பெய்தாலும் மணல் உறிஞ்சிக்கொள்கிறது, நிலத்தடியில் இறங்கிய தண்ணீர் ஊற்றாக மெதுவாக ஆற்றுக்கு வருகிறது, அதனால் டிஸ்மல், லூப் போன்ற ஆறுகள் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராக ஓடுகின்றன. மழை அளவு ஒன்று, மண் வேறு, ஆறும் வேறு. அங்கே இருப்பவர் தன் மழைமானியில் மூன்று அங்குலம் பார்த்தால் மாட்டுக்குப் புல் வளரும் என்று சந்தோஷப்படலாம். டென்வருக்குத் தெற்கே இருப்பவர் அதே எண்ணைப் பார்த்தால் காரை மேட்டில் நிறுத்துவது நல்லது.

இப்போது வாங்குபவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். 11 அங்குலக் கொள்ளளவு போதுமா? 2013 செப்டம்பர் 12 அன்று போல்டரில் ஒரே நாளில் பதிவானது 9.08 அங்குலம், அதற்கு முன்பு இருந்த ஒருநாள் சாதனை 1919இன் 4.80. ஒரு வாரத்தில் 17 அங்குலத்துக்கு மேல். ஒருநாள் அளவு இந்த உருளைக்குள் அடங்கிவிடும், தினமும் காலி செய்தால் அந்த வாரத்தையும் சமாளித்திருக்கும். 1997 கூட, மழைக்கு நடுவே ஒரு தடவை வெளியே போய்க் கொட்டிவிட்டு வந்திருந்தால் தாங்கியிருக்கும். 1965 ஜூன் 16க்கு இது போதாது. டென்வருக்குத் தெற்கே பாமர் மேட்டில் அன்றைக்குச் சில மணி நேரத்துக்குள் 14 அங்குலம். பிளம் கிரீக் என்று அங்கே ஒரு ஓடை, சுமார் 300 சதுர மைல் நீர்ப்பிடிப்பு, அதில் வினாடிக்கு 1,54,000 கனஅடி வந்தது. மேட்டூர் நீர்வரத்துச் செய்தி படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணின் கனம் தெரியும், அதுவும் பெரும்பாலான நாள் காலை நனைக்காமல் தாண்டிவிடக்கூடிய ஓடையில்! சவுத் பிளாட் ஆறு டென்வருக்குள் புகுந்தது. பக்கத்தில் செர்ரி கிரீக் மேல் 1950இல் கட்டியிருந்த அணை அந்தப் பக்கத்துத் தண்ணீரைப் பிடித்து நிறுத்தியது, பிளம் கிரீக் பக்கம் அணை இல்லை, அதற்கு அப்புறம்தான் சாட்ஃபீல்ட் அணை வந்தது, 1975இல்.

1935 மே கடைசி இன்னும் மேலே. கிழக்குக் கொலராடோவில் பெய்து ரிபப்ளிக்கன் ஆற்றில் இறங்கி நெப்ராஸ்கா வரை அடித்துக்கொண்டு போன வெள்ளம், சுமார் நூறு பேர் இறந்தார்கள். சில இடத்தில் 24 மணி நேரத்தில் 24 அங்குலம்வரை பெய்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. இத்தகைய பெருமழைகளில் நடுவில் முறையான மழைமானி அநேகமாக இருக்காது, பொறியாளர்கள் பண்ணை பண்ணையாகப் போய் வெளியே கிடந்த வாளி, மாட்டுத் தொட்டி, தகர டப்பா எல்லாவற்றிலும் தேங்கிய தண்ணீரை அளந்து கணக்குப் போடுவார்கள். வாளி பக்கவாட்டில் சரிந்ததாக இருந்தால், மழைக்கு முன்பே கொஞ்சம் தண்ணீர் இருந்திருந்தால் அந்தக் கணக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கொள்ளளவு விஷயத்தில் என் தீர்ப்பு: போதும். பதினோரு அங்குலம் நிரம்பி வழிகிற நாளில் நீங்கள் மழைமானிக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது.

இந்தக் கருவியால் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது. ஆற்றோரம் இருப்பவர்கள் தங்கள் குழாயில் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கக்கூடாது. 2013இல் மலையடிவாரத்தில் கொட்டிய தண்ணீர் சவுத் பிளாட் வழியாக எவன்ஸ், கிரீலி, ஃபோர்ட் மார்கன், ஸ்டெர்லிங் என்று ஊர் ஊராக இறங்கி, நாட்கள் கழித்து நெப்ராஸ்காவுக்குப் போய்ச் சேர்ந்தது, அங்கே அந்த நேரம் தலைக்கு மேல் வெயில். அகலமான, ஆழமில்லாத மணல் ஆறு என்பதால் கரை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, தண்ணீர் ஏறினால் வயலும் சாலையும் சேர்ந்து ஆறாகிவிடும். அதனால் உங்கள் குழாயைப் பார்க்கும்போதே கோகோராஸ் வரைபடத்தில் உங்களுக்கு மேற்கே இருப்பவர்கள் என்ன பதிந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள், அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் ஆற்றுநீர் மட்ட அளவையும் பாருங்கள், இரண்டும் இலவசம். ஆற்று அளவைக் கருவிகள் பெருவெள்ளத்தில் அடித்துக்கொண்டு போவதும் உண்டு. அந்த மாதிரி நேரத்தில் மேட்டில் இருப்பவர் கொல்லைப்புறத்துக் குழாய்தான் கைகொடுக்கும்.

மின்னணுக் கருவியோடு ஒப்பிட்டால்? தானாக அளக்கும் கருவிகளில் பல உள்ளே ஒரு சின்னக் கரண்டி நிரம்பிக் கவிழும் வகை. தூறலுக்கு நன்றாக வேலை செய்யும். அடித்துப் பெய்யும்போது கரண்டி கவிழும் அந்த ஒரு நொடியில் விழுகிற தண்ணீர் கணக்கில் வராமல் போகும், அதனால் எந்த மழையில் துல்லியம் வேண்டுமோ அந்த மழையில்தான் குறைத்துக் காட்டும். ஒரு விஷயத்தில் அதுதான் உசத்தி, எத்தனை நிமிடத்தில் எவ்வளவு பெய்தது என்று நேரத்தோடு காட்டும், வெள்ளத்துக்கு அந்த வேகம்தான் முக்கியம். என்னிடம் இரண்டும் இருக்கிறது. வேகத்துக்கு அது, மொத்தத்துக்கு இது, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நான் பிளாஸ்டிக் குழாயைத்தான் நம்புகிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. கம்பத்தில் மாட்டும் பிளாஸ்டிக் பிடி படு சுமார், கூட வரும் திருகுகள் துருப்பிடிக்கும், நான் வேறு திருகு போட்டேன். மே, ஜூனில் மில்லர் அந்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வரும், காலையில் போய்ப் பார்த்தால் குழாய்க்குள் ஒன்று செத்து மிதக்கும், சிறகின் பொடி தண்ணீர் மேல் படலமாகக் கிடக்கும், அந்தக் கோட்டை எங்கே படிப்பது என்றே தெரியாது. அதே மாதம் காட்டன்வுட் மரத்தின் பஞ்சு பறந்து வந்து புனலின் துளையை மூடிக்கொள்ளும், மழை புனலிலேயே குளம் கட்டி நிற்கும். வாரம் ஒருதரம் பழைய டூத்பிரஷ் கொண்டு தேய்த்தால் சரியாகிவிடும். தண்ணீரின் மேற்பரப்பு ஓரங்களில் ஏறி நடுவில் குழிந்து தெரியும், நடுக் குழியின் அடியைத்தான் படிக்க வேண்டும், கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து.

ஆலங்கட்டிக்குத் தாங்குமா என்றால், கோலிக்குண்டு அளவுக்குத் தாங்குகிறது, அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை. ஆலங்கட்டி புனலில் விழுந்து துள்ளி வெளியே போய்விடுவதும் உண்டு. தங்கியதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து உருகவிட்டு அளங்கள், அவசரமென்றால் குழாயில் அளந்த வெந்நீரை ஊற்றி உருக்கிக் கடைசியில் அந்த அளவைக் கழித்துவிடுங்கள்.

மாட்டும் இடத்தில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். வேலி ஓரத்திலோ மரத்தடியிலோ வைத்தால் வாங்கிய காசு வீண், பக்கத்தில் இருக்கும் வீட்டின் உயரத்தில் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைக்க முடிந்தால் உத்தமம். கம்பத்தின் தலையைச் சாய்வாக அறுத்துவிடுங்கள், சாய்வு மழைமானிக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் விழும் மழை தெறித்து உள்ளே போகும். மழைமானியின் வாய் கம்பத்தின் தலையைவிடச் சில அங்குலம் உயரமாக இருக்க வேண்டும். அளந்த தண்ணீரைத் தாராளமாகச் செடிக்கு ஊற்றலாம். இந்த மாநிலத்தில் 2016வரை வீட்டுக்கூரை மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைப்பதே சட்டப்படி தப்பு, தண்ணீர் உரிமை கீழே இருக்கும் விவசாயிக்குச் சேர்ந்தது என்பதால். இப்போது இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன் வரை அனுமதி. மழைமானிக்கு அன்றும் இன்றும் யாரும் கேள்வி கேட்டதில்லை.

அபார்ட்மெண்ட் பால்கனியில் இருப்பவர்கள் வாங்க வேண்டாம், சுவர் மறைக்கும். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவர்கள் யோசித்து வாங்குங்கள், பல நாள் மழையைச் சேர்த்து ஒரே பதிவாகப் போடும் வசதி தளத்தில் இருக்கிறது, ஆனால் இந்த வெயிலில் கொஞ்சம் ஆவியாகத்தான் செய்யும். முதல் உறைபனிக்கு முன்னால் புனலையும் உள்குழாயையும் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள், தண்ணீர் உறைந்தால் குழாய் நெடுக விரிசல் விடும். குளிர்காலத்தில் வெளி உருளை மட்டும் போதும், அதில் விழும் பனியை உருக்கி அளக்கலாம். உள்குழாய் மட்டும் உடைந்தால் தனியாக விற்கிறார்கள், முழு செட்டையும் திரும்ப வாங்க வேண்டியதில்லை.